செவ்வரத்தைச் சாறும் ஒரு மீற்றர் தடியும்: ஆரம்ப வகுப்பில் செயற்றிட்டம் என்றால் என்ன?

தவணை முடிய ஒரு வாரம் இருக்கும்போது, மாலை ஆறு மணியளவில் வெள்ளவத்தையில் ஏதாவதொரு புத்தகக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். வேலை முடிந்து பஸ்ஸில் இறங்கிய கையோடு வந்த ஒரு தாய் ரெஜிபோம் பலகை கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் நிற்கும் தந்தை தொலைபேசியில் ஒரு படத்தைக் கடைக்காரருக்குக் காட்டிக்கொண்டிருப்பார். படத்தில் எரிமலை இருக்கும், அல்லது சூரிய குடும்பம். "நாளைக்குக் கொடுக்க வேண்டும்" என்று இருவருமே சொல்வார்கள். பிள்ளை கடை வாசலில் நின்று காலி வீதியில் போகும் பஸ்களை எண்ணிக்கொண்டிருக்கும்.

நான் கொழும்பில் தமிழ்மொழிமூல ஆரம்பப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவள். அந்த எரிமலைகள் மறுநாள் என் வகுப்பின் பின் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றுக்கு நானும் புள்ளி போட்டிருக்கிறேன். ஒருமுறை நான்காம் தரத்துச் சிறுவன் ஒருவனிடம், "இதில் நீ என்ன செய்தாய்?" என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "பெயர் எழுதினேன்" என்றான். மறைக்கத் தெரியாத வயது. அந்தப் பதிலைக் கேட்டபின் பழைய முறையில் ஒப்படை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆரம்ப வகுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் ஆசிரியர்களையும், அந்தக் கடை வாசலில் நிற்கும் பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். கைவேலை, செயற்பாடு, செயற்றிட்டம் ஆகிய மூன்றையும் பள்ளிக்கூடங்களில் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். கைவேலையில் ஆசிரியர் ஒரு மாதிரியைக் காட்டுகிறார், பிள்ளை அதைப்போலச் செய்கிறது. கத்தரிக்கோலை நேராகப் பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு இந்தப் பயிற்சி கட்டாயம் வேண்டும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். செயற்பாட்டில் ஒரு கருத்தைச் செய்துபார்த்து விளங்கிக்கொள்கிறோம். எது மிதக்கும், எது தாழும் என்று ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது போல. ஒரு பாடவேளையில் முடிந்துவிடும். விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும்.

செயற்றிட்டம் தொடங்குவது ஒரு கேள்வியில். அந்தக் கேள்விக்கு விடை தேடும் வழியில், பிள்ளை தானே முடிவெடுத்தே ஆகவேண்டிய இடம் ஒன்றாவது இருக்க வேண்டும். எடுத்த முடிவின் பலன் கண்முன்னே தெரிய வேண்டும். பலன் சரியில்லை என்றால் மாற்றிச் செய்து பார்க்க நேரமும் வேண்டும். இவ்வளவுதான் இலக்கணம். நாட்கணக்கில் நீண்டாலும் சரி, இரண்டு பாடவேளையில் முடிந்தாலும் சரி, இந்த நான்கும் இருந்தால் அது செயற்றிட்டம்.

சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. வகுப்பிலுள்ள 40 பிள்ளைகளின் வேலையையும் மேசையில் பரப்புங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கைவேலை. ஒவ்வொன்றும் வேறு வேறாக இருந்து, ஏன் வேறாயிற்று என்று அந்தந்தப் பிள்ளையால் சொல்ல முடிந்தால், அங்கே செயற்றிட்டம் நடந்திருக்கிறது.

எரிமலையையே எடுத்துக்கொள்வோம். அப்பச்சோடாவில் வினாகிரியை ஊற்றினால் காபனீரொட்சைட்டு வாயு பிறந்து நுரை பொங்கும். பார்க்க நன்றாக இருக்கும், ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். பிள்ளை கைதட்டிவிட்டுப் போய்விடும். இப்போது ரெஜிபோம் மலையை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு யோகட் கோப்பையையும் ஒரு சிறு கரண்டியையும் கொடுத்து இப்படிக் கேளுங்கள்: "நுரை விளிம்பு வரை ஏறி வர வேண்டும், வெளியே ஒரு துளியும் வழியக் கூடாது. எத்தனை கரண்டி சோடா போடுவாய்?" உடனே வகுப்பின் முகமே மாறிவிடும். ஒரு கரண்டி போதவில்லை, மூன்று கரண்டி வழிந்துவிட்டது, இரண்டா இரண்டரையா என்று அளவு பற்றிய பேச்சு தானாக எழும். அரை, கால் என்ற பின்னங்கள் கணித பாடத்துக்குக் காத்திராமல் இங்கேயே வந்துவிடும். பொருள்கள் பழையவைதான். கேள்வி மட்டும் பிள்ளையின் கைக்குப் போயிருக்கிறது.

இது நேற்று முளைத்த எண்ணமும் இல்லை. அமெரிக்கக் கல்வியாளர் ஜோன் டூயி 1896 இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனைப் பள்ளியில் பிள்ளைகள் சமைத்தும் நெய்தும் தச்சு வேலை செய்தும் கணக்கையும் அறிவியலையும் கற்றார்கள். அவருடைய வழியில் வந்த வில்லியம் கில்பற்றிக் 1918 இல் செயற்றிட்ட முறை பற்றி எழுதினார். இத்தாலியக் கல்வியாளர் மரியா மொண்டிசோரி 1944 இல் இலங்கைக்கே வந்து விரிவுரைகளும் பயிற்சியும் நடத்திச் சென்றார். நம் பாடத்திட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 1999 இல் முதலாம் தரத்தில் நாடு முழுவதும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என மூன்று வழிகளில் கற்கச் சொல்கிறது. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடத்துக்கே பெயர் வைத்திருக்கிறோம். தரம் ஏற ஏற மேசை வேலையின் பங்கு கூடுவது அந்தத் திட்டத்திலேயே உண்டு. ஆனால் நடைமுறையில், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூன்றாம் தரம் வரை நீண்டுவிடுகிறது. எட்டு வயதுப் பிள்ளை மாதிரி வினாத்தாளோடு குனிந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். அந்த வினாத்தாளில் வரும் சுற்றாடல் கேள்விகளுக்கும் கையால் தொட்டுப் பார்த்த பிள்ளைதான் மனப்பாடம் இல்லாமல் விடை சொல்லும் என்பதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்.

இனி, நான் அதிகம் விரும்பும் செயற்றிட்டத்துக்கு வருகிறேன். இதில் சித்திரமும் அறிவியலும் பிரிக்க முடியாமல் பிணைந்திருக்கும்.

கொழும்பின் ஒழுங்கைகளில் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் சிவப்புச் செவ்வரத்தை. ஆளுக்கு இரண்டு பூ கொண்டுவரச் சொன்னால் போதும், கூடை நிறைந்துவிடும். இதழ்களை மட்டும் பிய்த்து ஒரு கிண்ணத்தில் போட்டு, வீட்டிலிருந்து வெந்நீர்ப் போத்தலில் கொண்டுவந்த சுடுநீரை ஆசிரியர் ஊற்ற வேண்டும். பிள்ளைகள் ஊற்றக் கூடாது. கால் மணி நேரத்தில் இதழ் வெளுத்து, நீர் கருஞ்சிவப்பாகும். துணியில் வடிகட்டி, யோகட் கோப்பைகளில் பங்கிட்டுக் கொடுங்கள். இதுதான் வர்ணம். தூரிகை இல்லாவிட்டால் விரல் இருக்கிறது. தாள் முழுவதும் பூசிக் காயவிட வேண்டும்.

காய்ந்த தாளின்மேல் பஞ்சுக் குச்சியால் தேசிக்காய்ச் சாற்றைத் தொட்டுக் கோடு போட்டால், கோடு பளிச்சென்று இளஞ்சிவப்பாக எழும். அப்பச்சோடாக் கரைசலைத் தொட்டுப் போட்டால் பச்சை. முதல் பச்சைக் கோடு தோன்றும்போது வகுப்பில் எழும் அந்த ஒலியை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. சிவப்புப் பூவுக்குள் பச்சை எங்கே இருந்தது என்று கேட்காத பிள்ளை இல்லை.

இங்கே பல ஆசிரியர்கள் அவசரப்பட்டு விளக்கிவிடுகிறார்கள். பொறுங்கள். மறுநாள் வீட்டிலிருந்து ஏதாவது ஒரு திரவத்தைச் சிறு குப்பியில் கொண்டுவரச் சொல்லுங்கள். அது சாற்றை எந்த நிறமாக மாற்றும் என்று முன்கூட்டியே கொப்பியில் எழுதிக்கொண்டு வர வேண்டும். தயிர்த் தண்ணீர் வரும், இளநீர் வரும், வெறுந்தேநீர் வரும், சவர்க்காரத் தண்ணீர் வரும், புளிக்கரைசல் வரும், பற்பசையைக் கரைத்துக்கொண்டு ஒருவர் வருவார். கழிவறை கழுவும் திரவங்களும் வெளுக்கும் திரவங்களும் கூடாது என்று வீட்டுக்குக் கட்டாயம் எழுதி அனுப்புங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்து, இளஞ்சிவப்புப் பக்கம் போனவை, பச்சைப் பக்கம் போனவை, அசையாமல் நின்றவை என்று கரும்பலகையில் பிரிக்கலாம். இளஞ்சிவப்புப் பக்கத்தில் நிற்பவை எல்லாம் நாக்குக்குப் புளிப்பானவை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். இளஞ்சிவப்புப் பக்கத்துக்கு அமிலம், பச்சைப் பக்கத்துக்குக் காரம் என்ற இரண்டு சொற்களையும் அந்த நேரத்தில் எழுதிக் காட்டினால் போதும். செவ்வரத்தையின் சிவப்பு அந்தோசயனின் என்ற நிறப்பொருளால் வருவது. அமிலத்திலும் காரத்திலும் அதன் அமைப்பு மாறுவதால் நிறமும் மாறுகிறது. ஆரம்ப வகுப்புக்கு இதற்கு மேல் தேவையில்லை.

ஒரு வருடம் எதிர்பாராத ஒன்று நடந்தது. அதிகம் பேசாத ஒரு சிறுமி தன் தாளை எடுத்துக்கொண்டு வந்து, "டீச்சர், நான் எதுவும் தொடவில்லை, தாள் தானாகவே நீலமாகிறது" என்றாள். அவள் கொண்டுவந்திருந்தது அலுவலகத்தில் அச்செடுக்கும் வெள்ளைத் தாள். பக்கத்துப் பிள்ளை பூசியிருந்தது பத்திரிகைத் தாளின் ஓரம், அது சிவந்தே இருந்தது. எனக்கு அன்று விடை தெரியாது, தெரியாது என்றே சொன்னேன். பிள்ளைகள் விடவில்லை. அடுத்த இரண்டு நாளும் கொப்பித் தாள், பிரிஸ்டல் போட், தேயிலைப் பை, பாண் சுற்றி வந்த தாள் என்று கிடைத்ததிலெல்லாம் பூசிப் பார்த்தார்கள். எந்தத் தாள் நீலமாகும், எது ஆகாது என்று ஒரு பட்டியலே போட்டார்கள். அச்சுத் தாள்கள் பலவற்றை வெள்ளையாக்கக் கல்சியம் காபனேற்று சேர்க்கிறார்கள், அது மெல்லிய காரம் என்பதைப் பிறகுதான் படித்து அறிந்தேன். தாளே சாற்றைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறது. பட்டியலை முன்னின்று எழுதியவள் அந்தச் சிறுமி.

இதை ஏன் சித்திரமும் என்று சொன்னேன்? சாற்றின் குணம் தெரிந்தபின் பிள்ளைகள் அதை வர்ணப் பெட்டியாகப் பயன்படுத்தத் தொடங்குவார்கள். காலிமுகத்திடலில் பொழுது சாயும் காட்சியை வரையச் சொன்னால், வானத்துக்குத் தேசிக்காயும் கடலுக்குச் சோடாவும் எடுப்பார்கள். ஒருவன் சூரியனைச் சுற்றித் தேசிக்காய்ச் சாற்றைக் கூட்டிக் குறைத்து இளஞ்சிவப்பு வளையங்கள் போட்டான். எந்த இடத்தில் எவ்வளவு தொட்டால் எந்த நிறம் வரும் என்பது அவனுக்கு ஓவியனாகவும் தெரிந்திருந்தது, சோதித்துப் பார்த்தவனாகவும் தெரிந்திருந்தது.

மற்றோர் உதாரணத்தைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அதில் பிள்ளைகள் தவறான முடிவுக்கு வருவார்கள். அப்படி வருவது நல்லது.

இரவு ஊறவைத்த பயறு, இரண்டு யோகட் கோப்பை, ஈரப் பஞ்சு. ஒரு கோப்பை யன்னலோரம், மற்றது அலுமாரிக்குள். இருட்டில் பயறு முளைக்காது என்று வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் சொல்வார்கள். நம் ஊர் வெப்பத்தில் இரண்டாம் நாளே இரண்டும் முளைத்துவிடும். ஐந்தாம் நாள் அலுமாரியைத் திறந்தால், இருட்டிலிருந்த முளை யன்னலோர முளையைவிட உயரமாக நிற்கும். நிறம்தான் வெளிர்மஞ்சள். "இருட்டுத்தான் பயறுக்கு நல்லது" என்று வகுப்பு தீர்ப்புச் சொல்லிவிடும். திருத்தாதீர்கள். தீர்ப்பை அப்படியே எழுதிவைக்கச் சொல்லிவிட்டு, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டாம் வாரத்தில் அலுமாரிச் செடி துவண்டு சரியும், யன்னலோரச் செடி தடித்த தண்டோடு பச்சை இலை விரிக்கும். விதைக்குள் சேமித்திருந்த உணவை வைத்துக்கொண்டு ஒளியைத் தேடி அந்த முளை உயர உயர ஓடியிருக்கிறது. ஒளி இல்லாததால் பச்சையம் உருவாகவில்லை, உணவு தயாரிக்க வழியில்லை, சேமிப்புத் தீர்ந்ததும் விழுந்துவிட்டது. ஐந்தாம் நாளில் நான் திருத்தியிருந்தால் பிள்ளைகள் என் சொல்லை எழுதியிருப்பார்கள். பன்னிரண்டாம் நாள்வரை காத்திருந்ததால், அளந்து சொன்னதும்கூட அவசரத்தில் சொன்னால் பிழையாகலாம் என்பதைச் செடியே காட்டிவிட்டது.

இதே பயறில்தான் நியாயமான சோதனை என்ற எண்ணத்தையும் அறிமுகப்படுத்தலாம். யன்னலோரக் கோப்பைக்கு யாராவது அன்பு மிகுதியில் இரட்டிப்பாகத் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். அதைக் கண்ட மற்றப் பிள்ளை, "அது சரியில்லை" என்று குரல் கொடுக்கும். ஏன் சரியில்லை என்று கேளுங்கள். ஒழுங்கையில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும். ஓர் அணிக்கு மட்டும் எல்லையைக் கிட்ட வைத்துவிட்டு வெற்றி தோல்வி பேச முடியுமா? ஒளி ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், தண்ணீர், பஞ்சு, பயறின் எண்ணிக்கை எல்லாம் இரண்டு கோப்பைக்கும் சமம். மேல் வகுப்புகளில் 'மாறி' என்ற சொல்லோடு வரப்போகும் பாடத்தின் வேர் இது.

காகிதப் பாலமும் எளிது. இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஒரு தாளை வைத்து நாணயங்களை ஏற்றிப் பார்ப்பது. தட்டையான தாள் உடனே தொய்யும், விசிறிபோல மடித்த தாள் தாங்கும். தகரக் கூரை ஏன் நெளிநெளியாக இருக்கிறது என்று பிறகு கேளுங்கள், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கூரைகளைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

"கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது?" இளம் ஆசிரியர்கள் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி இது, நியாயமான கேள்வி. நான் நான்கு பேராகப் பத்துக் குழு அமைப்பேன். குழுவில் ஒருவர் பொருள் எடுத்து வருவார், ஒருவர் கொப்பி எழுதுவார், இருவர் செய்வார்கள், மறுநாள் வேலை மாறும். பொருள் எடுப்பவர் மட்டுமே இருக்கையை விட்டு எழலாம் என்ற ஒரு விதியே பாதிச் சத்தத்தைக் குறைத்துவிடும். மீதிச் சத்தத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது வேலையின் சத்தம். பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் மனக்கசப்பும் வராது.

பொருள்கள் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு: கடையில் வாங்கியது எதுவும் வேண்டாம். யோகட் கோப்பை, சிரட்டை, ஈர்க்கு, போத்தல் மூடி, பழைய பத்திரிகை, ரப்பர் வளையம். கொட்டாஞ்சேனையில் ஓர் அறை வீட்டிலிருந்து வரும் பிள்ளையும், பம்பலப்பிட்டியில் மாடிக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்கிறார்கள். பெற்றோரின் பணப்பை மேசைமேல் தெரியும்படியான வேலையைக் கொடுத்தால், எட்டு வயதிலேயே ஒரு பிள்ளைக்குத் தலை குனிய வேண்டிவரும். எல்லோருக்கும் சிரட்டை என்றால் யாருக்கும் குறைவில்லை.

கொழும்புக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. தண்ணீர் தேங்கும் எந்தப் பொருளையும் வகுப்பில் மூடாமல் விடக்கூடாது. போத்தலை வெட்டி மழைமானி செய்வது நல்ல செயற்றிட்டம்தான், ஒக்டோபரில் இங்கே பெய்யும் மழைக்கு அது நிரம்பியும் வழியும். ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே தினமும் காலையில் அளந்து எழுதியவுடன் கொட்டிவிட வேண்டும், வெள்ளிக்கிழமை மானியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். ஏன் கவிழ்க்கிறோம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அவர்கள் வீட்டுப் பூச்சாடித் தட்டையும் கவிழ்ப்பார்கள். பொத்தான் அளவு மின்கலங்கள் வகுப்புக்குள் வரவே கூடாது, விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கொப்பி பற்றி ஒரு வார்த்தை. நான் மூன்று வரிதான் எழுதச் சொல்வேன்: நினைத்தது, பார்த்தது, மாற்றியது. எழுத முடியாதவர்கள் வரையலாம். கொழும்பில் தமிழ்மொழிமூல வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் சிலர் வீட்டில் சிங்களமோ ஆங்கிலமோ பேசுகிறவர்கள். 'வடிகிறது', 'கரைகிறது', 'நழுவுகிறது', 'துவள்கிறது' போன்ற சொற்கள் அவர்களுக்கு வாசிப்புப் புத்தகத்தில் ஒட்டுவதில்லை. கையில் சாறு வடியும்போது கேட்ட சொல் ஒட்டிக்கொள்கிறது. புள்ளி போடும்போதும் நான் அந்தக் கொப்பியைத்தான் பார்ப்பேன். நினைத்தது பிழையாகிப் போனதால் யாருக்கும் நான் புள்ளி குறைத்ததில்லை. பிழை என்று கண்டபின் 'மாற்றியது' என்ற வரி வெறுமையாக இருந்தால்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசுவேன்.

பெற்றோருக்கு நான் சொல்வது எளிமையானது. பிடித்துக்கொள்ளுங்கள், வெட்டாதீர்கள். கேளுங்கள், சொல்லாதீர்கள். கோணலாக ஒட்டிய ஈர்க்கை இரவோடிரவாக நிமிர்த்தி வைக்காதீர்கள். காலையில் எழுந்து தன் வேலை மாறியிருப்பதைக் காணும் பிள்ளை, தன்னால் முடியவில்லை என்றுதான் அதை விளங்கிக்கொள்கிறது. தவணைக் கண்காட்சிக்கு விருந்தினர் வரும்போது கோணல் வேலைகளை அலுமாரிக்குப் பின்னால் ஒதுக்கும் பழக்கம் பல பள்ளிக்கூடங்களில் உண்டு. நானும் ஒருமுறை ஒதுக்கியிருக்கிறேன். அந்த வேலையின் சொந்தக்காரி கண்காட்சி முழுவதும் தன் பெயரைத் தேடிக்கொண்டு மேசை மேசையாக நடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. அதன்பின் முதல் முயற்சியையும் கடைசி முயற்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதை வழக்கமாக்கினேன். வருகிறவர்கள் அங்கேதான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

கடைசியாக, பணமே செலவாகாத, கொழும்பில் வாழ்வதாலேயே நமக்குக் கிடைத்திருக்கும் ஒரு செயற்றிட்டம். ஒரு மீற்றர் நீளமான நேரான தடியை விளையாட்டிடத்தில் நிமிர்த்தி நடுவது. அதன் நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் நுனியை ஒரு கல்லால் குறித்து, நீளத்தையும் திசையையும் எழுதிவைப்பது. தரம் 5 பிள்ளைகளுக்கு இது பொருத்தம், நண்பகல் தாண்டியும் அவர்கள் பள்ளியில் இருப்பார்கள். அளப்பது நிழலை மட்டும்தான், சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது.

நிழல் குட்டையாகும் நேரம் சரியாகப் பன்னிரண்டு மணி என்று எல்லோரும் நினைப்பார்கள். அளந்தால் 12.10 ஐ ஒட்டி வரும். நம் கடிகாரங்கள் கிழக்கு நெடுங்கோடு 82½ பாகைக்குரிய நேரத்தைக் காட்டுகின்றன, கொழும்போ ஏறக்குறைய 79.9 பாகையில் இருக்கிறது. சூரியன் அந்த இடைவெளியைக் கடந்து நம் தலைக்கு மேலே வரப் பத்து நிமிடம் போல எடுக்கிறது. கடிகாரமும் சூரியனும் ஒத்துப்போகவில்லை என்று பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிக்கும் அந்த நாள் மிக நல்ல நாள்.

அதைவிட நல்ல நாள் செப்டெம்பரில் வரும். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 6.9 பாகையில் இருப்பதால், வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் 7 ஐ ஒட்டியும் செப்டெம்பர் 5 ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஜூன் மாதக் கடைசியில் நம் தடியின் நண்பகல் நிழல் தெற்கு நோக்கி 30 சென்ரிமீற்றர் அளவில் விழும். ஜூலையிலேயே அது சுருங்கத் தொடங்கும். செப்டெம்பர் முதல் வாரத்தில் நாளுக்கு அரைச் சென்ரிமீற்றருக்குச் சற்று மேலாகக் குறைந்து, ஒரு நாள் நிழலே இல்லாமல் போகும். தடி தன் காலடியிலேயே நிற்கும். மறுநாளிலிருந்து நிழல் வடக்குப் பக்கம் முளைக்கும், டிசெம்பர்க் கடைசியில் 58 சென்ரிமீற்றர் வரை நீளும். டிசெம்பரில் பள்ளி விடுமுறை என்றால் வீட்டு முற்றத்தில், மொட்டைமாடியில் அளக்கலாம்.

முகில் மூடும் நாட்கள் இருக்கும். அந்த நாட்களுக்கு நேரே "முகில்" என்று எழுதினால் போதும், ஊகித்து இலக்கம் போடக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். நிழல் காணாமல் போகப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். அடுத்த வாரம் எவ்வளவு இருக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டே வாருங்கள். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் நாளுக்கு எவ்வளவு குறைகிறது என்று கண்டு, பூச்சியத்துக்கு எப்போது வரும் என்று கணிக்கத் தொடங்குவார்கள்.

என் கடைசி ஐந்தாம் தர வகுப்பில் அந்த நாளன்று 12.10 க்குத் தடியைச் சுற்றி எல்லோரும் குனிந்து நின்றார்கள். நிழலைக் காணவில்லை. ஒருவன் தன் கையைத் தடிக்குப் பக்கத்தில் நேராக நீட்டிப் பார்த்தான், பிறகு தன் காலடியைப் பார்த்தான், அவனுடைய நிழலும் செருப்புக்குள் ஒளிந்திருந்தது. மதியம் கொப்பிகளைத் திருத்தும்போது, 'மாற்றியது' என்ற வரியில் ஒருத்தி எழுதியிருந்தாள்: "நாளைக்குக் கல்லை மற்றப் பக்கத்தில் வைக்கத் தயாராக இருப்பேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியம்மாவிடம் தடி நடச் சொல்லியிருக்கிறேன்."